ஆதாம் ஒருவனா, எல்லோருமா?

எங்கள் வீட்டு அலமாரியில் இரண்டு பைபிள்கள் இருக்கின்றன. ஒன்று அம்மாவுடையது. கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட பரிசுத்த வேதாகமம். 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு. மற்றொன்று கல்யாணமாகி வந்தபோது என் மனைவி கொண்டுவந்த திருவிவிலியம்; கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து 1995இல் வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பு. ஒருநாள் ஏதோ வசனம் தேடப் போய், இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, முதல் நூலான ஆதியாகமத்தின் முதல் பக்கத்தைப் புரட்டினேன்.

அம்மாவின் பைபிள்: "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்." மற்றது: "தொடக்கத்தில் கடவுள் விண்ணுலகையும் மண்ணுலகையும் படைத்தபொழுது, மண்ணுலகு உருவற்று வெறுமையாக இருந்தது."

வடமொழிச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதானே என்று தாண்டிவிடலாம். ஆனால் ‘சிருஷ்டித்தார்’ என்றதும் வாக்கியம் முடிந்துவிடுகிறது. ‘படைத்தபொழுது’ என்றால் முடியவில்லை. முதலாவதன்படி, ஒன்றுமே இல்லாத இடத்தில் கடவுள் வானத்தையும் பூமியையும் உண்டாக்கினார். அதுதான் முதல் செயல். இரண்டாவதன்படி, கடவுள் வேலையைத் தொடங்கும்போதே உருவற்ற ஏதோ ஒன்று இருட்டில், தண்ணீருக்குள் கிடக்கிறது. முதல் செயல் "ஒளி தோன்றுக" என்ற வார்த்தை.

மொழிபெயர்த்தவர்கள் யாரும் தப்பு செய்யவில்லை. எபிரேயத்தில் முதல் சொல் ‘பெரேஷித்’. அதை ‘தொடக்கத்திலே’ என்றும் எடுக்கலாம், ‘இன்னது நடந்த தொடக்கத்தில்’ என்றும் எடுக்கலாம். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சின் த்ருவா நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி இரண்டாவதன் பக்கம் நின்றார். எது முன்னால், எது பின்னால் என்று வரிசை சொல்ல இந்த வசனம் வரவில்லை என்பது அவர் வாதம். வானமும் பூமியும்தான் முதலில் என்றால், அடுத்த வசனத்தில் வரும் தண்ணீரை யார், எப்போது படைத்தது என்று கேட்டார். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலகம் இல்லாமையிலிருந்து வந்தது என்று நேரடியாகச் சொல்லும் பழைய வரி மக்கபேயர் இரண்டாம் நூலின் 7ஆம் அதிகாரத்தில், ஒரு தாய் தன் மகனிடம் பேசும் இடத்தில் இருக்கிறது. அந்த நூல் என் மனைவியின் பைபிளில் உண்டு, அம்மாவின் பைபிளில் கிடையாது. ‘இல்லாமையிலிருந்து’ என்பதை முதல் வசனத்தில் அழுத்திச் சொல்லும் பைபிளில் அந்தச் சாட்சி இல்லை. சாட்சியை வைத்திருக்கும் பைபிள் முதல் வசனத்தில் அழுத்தவில்லை.

படைப்பு வரலாறு என்றதும் சண்டை பைபிளுக்கும் டார்வினுக்கும் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். வாசிப்பதில் உள்ள சிக்கல் டார்வினுக்கு வெகு காலம் முன்னாலேயே, முதல் சொல்லிலேயே ஆரம்பித்துவிட்டது.

தையல் தெரியும் இடம்

சண்டே ஸ்கூலில் ஆறு நாள் படைப்பையும் ஏதேன் தோட்டத்தையும் ஒரே கதையாகத்தான் சொல்லித்தருவார்கள். எனக்கும் அப்படித்தான். முதல் நாள் வெளிச்சம், நான்காம் நாள் சூரியன் என்று சார்ட்டில் ஒட்டியிருந்ததைப் பார்த்து, "அப்போ முதல் மூன்று நாளும் விடிஞ்சது எப்படி?" என்று ஒரு பையன் கேட்டான். அவனை வெளியே நிற்கச் சொன்னார்கள். அந்தக் கேள்வியைக் கிறிஸ்தவ உலகம் 1,700 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டது என்று அன்று அவனுக்கோ ஆசிரியருக்கோ தெரியாது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் அதிகாரத்தை மட்டும் தனியாகப் படித்தால் அது கட்டிடக்காரன் போட்ட நூல்போல நேராக இருக்கும். முதல் மூன்று நாளில் இடங்கள்: ஒளியும் இருளும், வானமும் கடலும், நிலமும் செடியும். அடுத்த மூன்று நாளில் அந்த இடங்களுக்குக் குடி வருகிறவர்கள்: சூரிய சந்திரர், பறவையும் மீனும், மிருகமும் மனிதரும். எபிரேயத்தில் முதல் வசனத்துக்கு ஏழு சொல், இரண்டாம் வசனத்துக்குப் பதினான்கு. "நல்லது என்று கண்டார்" என்பது ஏழு முறை. "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்ற பல்லவி ஆறு நாளும் ஒலித்து, ஏழாம் நாளில் நின்றுபோகிறது. கோயிலில் உரக்க ஓதுவதற்கென்றே இழைத்த வரிகள்போல இருக்கின்றன.

இரண்டாம் அதிகாரம் 4ஆம் வசனத்தின் நடுவில் குரல் மாறுகிறது. அதுவரை ‘தேவன்’ என்று இருந்தது, திடீரென்று ‘தேவனாகிய கர்த்தர்’ ஆகிறது. திருவிவிலியத்திலும் அப்படியே, ‘கடவுள்’ என்பது ‘ஆண்டவராகிய கடவுள்’ ஆகிறது. எபிரேயத்தில் எலோகிம் என்ற பொதுச்சொல்லோடு யாவே என்ற பெயர் வந்து சேரும் இடம் அது. இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்த தையல், தமிழிலேயே விரலுக்குத் தட்டுப்படும்.

வரிசையும் மாறுகிறது. முதல் கதையில் செடிகள், மிருகங்கள், கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து. இரண்டாம் கதை தொடங்கும்போது செடி எதுவும் இல்லை, ஏனென்றால் மழையும் இல்லை, மண்ணைப் பண்படுத்த ஆளும் இல்லை. மழையையும் உழவனையும் எதிர்பார்த்து நிற்கும் காட்டு நிலத்துக் கதை இது. முதலில் மனிதன், பிறகு தோட்டம், அவன் தனியாக இருப்பது நல்லதல்ல என்று மிருகங்கள், அவற்றில் ஏற்ற துணை கிடைக்காததால் பெண். முதல் கதையின் கடவுள் சொல்ல, ஆகிறது. இரண்டாம் கதையின் கடவுள் குயவனைப் போல மண் பிசைகிறார், மூக்கில் ஊதுகிறார், தோட்டம் போடுகிறார், சாயங்காலக் காற்றில் உலாவுகிறார்.

இதை முறையாக எழுதிக் காட்டியவர்களில் முக்கியமானவர் பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயிக்கு வைத்தியராக இருந்த ழான் அஸ்த்ருக். 1753இல் பெயர் போடாமல் வெளியிட்டார். ஆதியாகமத்தை மோசேதான் எழுதினார் என்ற மரபைக் காப்பாற்றுவதே அவர் நோக்கம். மோசே தனக்கு முந்தைய இரண்டு பழைய ஏடுகளைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியிருப்பார் என்றார். அந்த இழையைப் பிடித்துக்கொண்டு போன அடுத்த நூறு ஆண்டு ஆய்வு, மோசேயையே கழற்றிவிட்டது. இன்று பல ஆய்வாளர்கள் முதல் அதிகாரத்தை கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூதர்கள் பாபிலோனில் சிறையிருந்த காலத்தை ஒட்டிய குருக்களின் எழுத்தாகப் பார்க்கிறார்கள். ஏதேன் கதை அதற்கு முந்தையது என்பது நெடுங்காலக் கருத்து, அதில் இப்போது தகராறு உண்டு.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, தொகுத்தவர்கள் இரண்டையும் இசைத்துச் சரிசெய்யாமல் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. அவர்களுக்கு முரண் தெரியாமல் இல்லை. அடுத்தடுத்த பக்கத்தில் இருப்பது யாருக்குத்தான் தெரியாது? அவர்கள் நிகழ்ச்சிப் பதிவேடு எழுத உட்காரவில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்.

பாபிலோனில் மனிதன் எதற்கு

1872 டிசம்பர் 3ஆம் தேதி லண்டனில், பணநோட்டு அச்சுக்குச் செதுக்கும் வேலை பழகிப் பின் அருங்காட்சியகத்துக்கு வந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர், பழைய அசீரியாவின் நினிவேயில் அஷுர்பானிபால் மன்னனின் நூலகத்திலிருந்து கிடைத்த களிமண் பலகை ஒன்றைப் படித்துக் காட்டினார். நோவாவின் கதைபோலவே ஒரு வெள்ளக் கதை அதில் இருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் படைப்புக் கதைகளும் வந்தன.

அவற்றில் ஒன்று எனூமா எலிஷ். ஏழு பலகைகள். மார்துக் என்ற இளம் தெய்வம், உப்புக்கடலின் உருவான தியாமத் என்ற ஆதித்தாயைக் கொன்று, கருவாட்டுக்கு மீனைப் பிளப்பதுபோல இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை மேலே தூக்கி வானமாக நிறுத்துகிறான். அவள் பக்கம் சேர்ந்த கிங்குவின் ரத்தத்தில் மனிதன் உண்டாகிறான். ஆதியாகமத்தில் ‘ஆழம்’ என்று வரும் எபிரேயச் சொல் ‘தெகோம்’. தியாமத்துக்குச் சொந்தக்காரச் சொல். ஆனால் ஆதியாகமத்தில் அந்த ஆழம் யாரோடும் சண்டை போடுவதில்லை. சும்மா கிடக்கிறது.

இன்னொன்று அத்ராஹாசிஸ். எனக்கு இதுதான் பிடித்தது. மனிதர் இல்லாத காலம். வேலை முழுக்கச் சின்னத் தெய்வங்கள் தலையில். டைகிரிஸையும் யூப்ரட்டீஸையும் அவர்கள்தான் வெட்டினார்கள். வாய்க்கால் தூர்வாருவதும் அவர்கள்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் மண்வெட்டி, கூடை எல்லாவற்றையும் தீயில் போட்டுவிட்டு, நள்ளிரவில் தலைமைத் தெய்வம் என்லிலின் வாசலை வளைத்துக்கொள்கிறார்கள். உலக இலக்கியத்தில் முதல் வேலைநிறுத்தம் இதுவாகத்தான் இருக்கும். பெரியவர்கள் கூடிப் பேசுகிறார்கள். முடிவு: ஒரு தெய்வத்தைக் கொன்று, அதன் சதையையும் ரத்தத்தையும் களிமண்ணில் குழைத்து, கூடை சுமக்க ஒரு புது இனத்தை உண்டாக்குவோம். அதுதான் நாம். பிறகு நாம் பெருகிக் கூச்சல் போட, என்லிலுக்குத் தூக்கம் கெட்டு, வெள்ளத்தை அனுப்புகிறார்.

கைவசம் உள்ள பிரதி கி.மு. 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மண், தெய்வத்தின் ஒரு பங்கு, நிலத்தில் வேலை, வெள்ளம் என்று ஆதியாகமத்தின் சாமான்கள் பல அதிலும் உண்டு. காப்பி அடித்தார்கள் என்று ஒரு பக்கம் குதிக்கிறது, சம்பந்தமே இல்லை என்று மறுபக்கம் குதிக்கிறது. ஒரே பஜாரில் அரிசி வாங்கும் இரண்டு வீட்டுச் சமையல் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். எதைக் கொண்டு சமைத்தார்கள் என்பதைவிட, என்ன பரிமாறினார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

பாபிலோனில் மனிதன் தெய்வங்களுக்குச் சோறு போடப் பிறந்தவன். ஆதியாகமத்தில் கடவுள் மனிதருக்குச் சாப்பாடு காட்டுகிறார்: விதை தரும் பூண்டுகள், கனிமரங்கள். கவனித்தால் அது முழுக்கச் சைவம். இறைச்சிக்கு அனுமதி வெள்ளம் வடிந்தபின் 9ஆம் அதிகாரத்தில்தான் கிடைக்கிறது. பாபிலோனில் சூரியனும் சந்திரனும் தெய்வங்கள், பெயர் சொல்லிக் கும்பிட வேண்டியவர்கள். ஆதியாகமம் அவர்களைப் பெயர் சொல்லாமல் ‘பெரிய சுடர்’, ‘சிறிய சுடர்’ என்று குறிப்பிட்டு, நான்காம் நாள்தான் ஏற்றிவைக்கிறது. சிறைபிடித்துக் கொண்டுபோன ஊரின் தெய்வங்களை விளக்குக் கம்பமாக்கிய துணிச்சல் அது. அந்தச் சண்டே ஸ்கூல் பையனின் கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. சூரியன் பிந்தி வந்தது தவறிப்போய் அல்ல.

‘தேவசாயல்’ என்ற சொல்லும் அப்படித்தான். 1979இல் சிரியாவின் தெல் ஃபெகெரியேவில் ஒரு சிற்றரசனின் கற்சிலை கிடைத்தது, கி.மு. 9ஆம் நூற்றாண்டு என்று கணிக்கப்படுவது. அதன் உடையில் அரமேயத்திலும் அக்காடியத்திலும் எழுத்து. அரமேயத்தில் அந்தச் சிலையைக் குறிக்க வரும் இரண்டு சொற்கள், "நமது சாயலாகவும் நமது ரூபத்தின்படியேயும்" என்ற வசனத்தில் வரும் எபிரேயச் சொற்களின் உடன்பிறப்புகள். அரசன் தன் சிலையைத் தூரத்து ஊரில் நிறுத்தினால் அங்கே அவன் ஆட்சி என்று பொருள். தெய்வத்தின் சாயல் என்ற பட்டமும் அசீரியாவிலும் எகிப்திலும் அரசர்களுக்கு உரியது. முதல் அதிகாரத்தை எழுதியவர் அந்தப் பட்டத்தை எடுத்து, "ஆணும் பெண்ணுமாக" எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். மனித உடல் எதிலிருந்து வந்தது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. மனிதன் யாருடைய கூலியாள் என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

இரண்டாம் கதையில் பெண்ணைப் பற்றிய இரண்டு சொற்களையும் பார்த்துவிடலாம், ஏனென்றால் நம் கல்யாணப் பிரசங்கங்களில் இவை படும் பாடு கொஞ்சமல்ல. ‘துணை’ என்பதற்கு எபிரேயம் ‘ஏசெர்’. "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்" என்ற 121ஆம் சங்கீதத்தில் கடவுளின் உதவிக்கு வரும் சொல்லும் அதுவே. எடுபிடிக்கு வைக்கும் பெயர் அல்ல. ‘விலா எலும்பு’ என்பது ‘த்சேலா’; அதே சொல்லை யாத்திராகமம் 25இல் உடன்படிக்கைப் பெட்டியின் ஒரு புறம், மறுபுறம் என்று வரும் இடத்தில் ‘பக்கம்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். மனிதனின் ஒரு பக்கத்தையே எடுத்துப் பெண்ணைச் செய்தார் என்று படிக்கவும் இடமுண்டு. எலும்பு என்றதும் ஆணுக்கு ஒரு எலும்பு குறைவு என்று நம்புகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். இருவருக்கும் பன்னிரண்டு ஜோடிதான்.

பழைய வாசகர்கள்

சண்டே ஸ்கூல் பையனின் கேள்விக்கு வருகிறேன். 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிகன் கேட்டார்: சூரியன், சந்திரன், நட்சத்திரம் இல்லாமல் முதல், இரண்டாம், மூன்றாம் நாள் இருந்தது என்று புத்தியுள்ள யார் நினைப்பார்? கடவுள் தோட்டக்காரனைப் போலக் கிழக்கே மரம் நட்டார் என்று எந்த அறிவிலி நம்புவான்? இவை உருவகமாகச் சொன்னவை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அடுத்து, இன்றைய அல்ஜீரியாவில் ஹிப்போ நகரின் ஆயராக இருந்த அகுஸ்தீன். ஆதியாகமத்தின் தொடக்கத்தை வாழ்நாளில் ஐந்து முறை விளக்கப் பார்த்தார். கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், ஆறு நாள் என்பது நமக்குப் புரிவதற்கான அடுக்கு என்றார். வானம், பூமி, நட்சத்திரம் பற்றி நன்றாகத் தெரிந்த வேற்று மதத்தார் முன்னால் வேதத்தை ஆதாரம் காட்டிக் கிறிஸ்தவர்கள் உளறுவது அவமானம் என்றும் எழுதினார். வாட்ஸ்அப் குழுக்களின் வாசலில் எழுதி ஒட்டலாம்.

அதற்காக இவர்களை நம் காலத்து ஆட்களாக்கிவிட வேண்டாம். உலகத்துக்கு ஆறாயிரம் ஆண்டுகூட ஆகவில்லை என்றுதான் அகுஸ்தீன் நினைத்தார். ஆதாம் ஒரு தனி மனிதன் என்பதிலும் அவருக்கு ஐயமில்லை. செசரியாவின் பசிலியாரும் பின்னாளில் லூத்தரும் நாளை நாளாகவே எடுத்தார்கள். ஆக, நேர்ப்பொருள் வாசிப்பும் பழையதுதான். ஆறு நாளையும் இருபத்து நான்கு மணி நேரமாக நம்புகிறாயா என்பதை விசுவாசத்துக்கே பரீட்சையாக வைப்பதுதான் புதிது.

வயதுக் கணக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல், கி.மு. 4004 அக்டோபர் 23க்கு முந்தைய மாலை உலகம் தொடங்கியது என்று கணித்தார். இன்று கேலிக்கு ஆளானவர். ஆனால் அவர் காலத்தின் சிறந்த மொழியறிவோடும் வரலாற்றறிவோடும் செய்த கணக்கு அது, கெப்ளரும் நியூட்டனும் அதே வேலையில் இறங்கினார்கள். 1701 முதல் ஆங்கில பைபிள்களின் ஓரத்தில் அந்த ஆண்டு அச்சாகி, வேதவசனம்போலவே ஆகிவிட்டது. யூத நாள்காட்டிக்குத் தொடக்கம் கி.மு. 3761, பைசாந்தியத் திருச்சபைக்கு 5509. காரணம் எளிது. சேத் பிறந்தபோது ஆதாமுக்கு எபிரேயப் பிரதியில் 130 வயது, பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 230. எந்த பைபிளைக் கூட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து உலகத்தின் வயது மாறும்.

பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. பாறைகளைப் படித்தவர்களுக்கு ஆறாயிரம் ஆண்டு போதவில்லை. ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ் 1814இல் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் எத்தனை யுகம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார். வேறு சிலர் ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் என்றார்கள். 1859இல் டார்வின். 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் ஊரில், பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம். அந்த வழக்கில் வேதாகமத்தின் வக்கீலாக நின்ற பிரையனே, குறுக்கு விசாரணையில், நாட்கள் நீண்ட காலங்களாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டார் என்பது பலருக்கு மறந்துவிட்டது. ஆறு நாள், ஆறாயிரம் ஆண்டு, பாறையெல்லாம் நோவாவின் வெள்ளத்தில் படிந்தது என்ற முழுத் தொகுப்பு அமெரிக்கச் சபைகளில் வேகம் பிடித்தது 1961க்குப் பிறகு. நம் ஊர் யூடியூபில் ‘பண்டைய விசுவாசம்’ என்று வருவது பெரும்பாலும் இந்த அமெரிக்கச் சரக்கு.

அந்தத் தரப்பும் முழுக்க நேர்ப்பொருளில் படிப்பதில்லை. இரண்டாம் நாளில் வரும் ‘ஆகாயவிரிவு’ எபிரேயத்தில் ‘ராக்கியா’. தட்டார் பொன்னைத் தகடாக அடிக்கும் வினையிலிருந்து வந்த சொல். மேலே கெட்டியான ஒரு கூரை, அதற்கும் மேலே தண்ணீர், மதகு திறந்தால் மழை. இதை இன்று யாரும் அப்படியே நம்புவதில்லை. கூரையை உருவகமாக்கிவிட்டு நாளை மட்டும் கடிகாரத்தில் பார்ப்பது ஏன் என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பழக்கம் உண்டு: ‘வெளிச்சம் உண்டாகக்கடவது’ என்றால் பெருவெடிப்பு, மீன் முதலில் மிருகம் பிறகு என்றால் பரிணாமம் என்று அறிவியலை வசனத்துக்குள் கண்டுபிடிப்பது. 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ் ஏறக்குறைய இதைச் செய்தார். அண்டம் ஒரு ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்ற கருத்தை முன்வைத்தவரே ஒரு கத்தோலிக்கக் குரு, பெல்ஜியத்தின் ஜார்ஜ் லெமெய்த்ர். அவருக்கு இதில் சங்கடம். அறிவியல் கருதுகோளை விசுவாசத்துக்கு முட்டுக் கொடுக்கக் கூடாது, நாளைக்குக் கருதுகோள் மாறினால் விசுவாசமும் சாயும் என்பது அவர் நிலை. எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

முதல் ஜோடி

அண்டம், பாறை பற்றிய தகராறில் சபைகள் எப்படியோ வழி கண்டுபிடித்துவிட்டன. மனிதத் தோற்றம் அப்படியல்ல. ‘குரங்கிலிருந்து மனிதன் வந்தான்’ என்று நாம் சொல்வது சரியான வாசகம் அல்ல. சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. இரண்டு கிளைகளும் அதிலிருந்து பிரிந்தவை. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. நம் இரண்டாம் எண் குரோமோசோமைப் பிரித்துப் பார்த்தால், இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்ட தழும்பு நடுவில் இருக்கிறது. மொராக்கோவின் ஜெபல் இர்ஹூத் குகையில் கிடைத்த, நம் இனத்தைச் சேர்ந்த மண்டையோடுகளுக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டு என்று 2017இல் அறிவித்தார்கள். 2010இல் ஸ்வாந்தே பேபோவின் குழு நியாண்டர்தால் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே பரவிய மக்களின் உடலில் அந்த இனத்தின் மரபணு ஓரிரண்டு சதவீதம் இருப்பது தெரிந்தது. தமிழர்களாகிய நம்மிடமும்தான்.

1987இல் ‘மைட்டோகாண்ட்ரியல் ஏவாள்’ என்று ஒரு செய்தி வந்து பலரையும் குஷிப்படுத்தியது. இன்றுள்ள எல்லோரும் தாய்வழியில் சுமார் 2 லட்சம் ஆண்டு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய்ச் சேர்கிறோம். பெயர்தான் வம்பு. மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டும் வருவது. மகன்கள் மட்டுமே பெற்ற பெண்ணின் தாய்வழி அவளோடு நின்றுவிடும். தலைமுறை தலைமுறையாக இப்படி ஒவ்வொரு வழியாக அறுந்து, கடைசியில் ஒன்று மிஞ்சும். அவள் காலத்தில் வேறு ஆயிரக்கணக்கான பெண்கள் இருந்தார்கள், அவர்களுடைய மற்ற மரபணுக்கள் நம்மிடம் இருக்கின்றன. நம் இனம் உருவான இந்த 3 லட்சம் ஆண்டுகளில், மனிதக் கூட்டம் எப்போதாவது இருவராகச் சுருங்கியதற்கு மரபணுவில் தடயம் இல்லை.

இங்கேதான் முடிச்சு. அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 5ஆம் அதிகாரத்தில், ஒரு மனிதனால் பாவம் வந்தது, ஒரு மனிதனால் மீட்பு வந்தது என்று ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிரே நிறுத்துகிறார். அந்த ஒருவன் இல்லையென்றால் ஜென்ம பாவம் என்கிற ஆதிப்பாவம் எப்படி எல்லோருக்கும் வந்தது? 1950இல் இதே பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் பரிணாமத்தில் வந்ததா என்பதை ஆராயத் தடையில்லை, ஆன்மாவைக் கடவுள் நேரடியாகப் படைக்கிறார், ஆனால் பல முதல் பெற்றோர் என்பதை ஆதிப்பாவத்தோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என்றார். கவனமான வாசகம்: முடியாது என்று சொல்லவில்லை. 1996 அக்டோபரில் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். ஆதாம் கேள்வி அப்படியே இருக்கிறது.

அதில் பாதி, மொழிபெயர்ப்பு போட்ட முடிச்சு. ரோமர் 5:12இன் கிரேக்கம் சுருக்கமானது. பழைய லத்தீனில் அது "அவனுக்குள் எல்லோரும் பாவம் செய்தார்கள்" என்று படிக்கும்படி ஆனது. அகுஸ்தீன் அதைப் பிடித்துக்கொண்டு, ஆதாமின் உடலுக்குள் நாம் எல்லோரும் இருந்தோம், அவன் குற்றத்தில் நமக்கும் பங்கு என்று ஒரு பெரிய கட்டிடமே எழுப்பினார். கிரேக்கத்திலேயே படித்த கீழைத் திருச்சபைகள் அந்தக் கட்டிடத்துக்குள் போகவில்லை; ஆதாமிடமிருந்து வந்தது சாவு, குற்றம் அல்ல என்பார்கள். அம்மாவின் பைபிள் என்ன சொல்கிறது என்று பார்த்தேன்: "எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால், மரணம் எல்லாருக்கும் வந்ததுபோலவும்". திருவிவிலியத்திலும் "எல்லா மனிதரும் பாவம் செய்ததால்". இரண்டு தமிழ் பைபிள்களும் அகுஸ்தீனின் லத்தீனை விட்டுவிட்டுக் கிரேக்கத்தின் பக்கம் நிற்கின்றன. பிரசங்கம் மட்டும் இன்னும் லத்தீனில் நடக்கிறது.

ஆதியாகமமேகூட முதல் ஜோடி விஷயத்தில் அவ்வளவு கறாராக இல்லை. தம்பி ஆபேலைக் கொன்ற ஆதாமின் மகன் காயீன், என்னைக் கண்டுபிடிக்கிறவன் எவனும் கொன்றுபோடுவானே என்று பயப்படுகிறான். யார் அந்த எவன்? பிறகு மனைவியோடு வாழ்கிறான், ஒரு பட்டணம் கட்டுகிறான். பட்டணம் கட்ட ஆள் வேண்டுமே. 1655இல் ஐசக் லா பெரேர் என்ற பிரெஞ்சுக்காரர், ஆதாமுக்கு முன்னும் மனிதர்கள் இருந்தார்கள், ஆதாம் யூதர்களின் தகப்பன் மட்டுமே என்று அச்சிட்டு, கைதாகி, மறுத்து எழுதிக்கொடுத்துத் தப்பித்தார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னதை, கறுப்பினத்தார் ஆதாமின் வாரிசு அல்ல என்று அடிமை வியாபாரத்தின் பக்கம் நின்றவர்கள் பின்னாளில் திருப்பிக்கொண்டதும் நடந்தது. எல்லோருக்கும் ஒரே தகப்பன் என்ற வாசிப்பை விடமாட்டோம் என்று பலர் பிடிவாதமாக நின்றதற்கு அறியாமை மட்டும் காரணம் அல்ல.

கடைசியாக அந்தப் பெயர். எபிரேயத்தில் ‘ஆதாமா’ என்றால் மண், ‘ஆதாம்’ என்றால் மனிதன். மண்ணிலிருந்து வந்தவன் மண்ணன் என்பதுபோல ஒரு சொல்விளையாட்டு. தமிழில் மண், மனிதன் என்று சொல்லும்போது அதே ஓசை தற்செயலாகக் கிடைக்கிறது, வேர் வேறு. ஏதேன் கதையில் பெரும்பாலும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ‘ஹ’ என்ற சுட்டு இருக்கும், ‘அந்த மனிதன்’ என்று. யாரும் தன் பெயருக்கு முன்னால் ‘அந்த’ போட்டுக்கொள்வதில்லை. அம்மாவின் பைபிளில் 2ஆம் அதிகாரம் 15ஆம் வசனத்தில் தோட்டத்தைப் பண்படுத்தவும் காக்கவும் வருகிறவன் ‘மனுஷன்’. நான்கு வசனம் தள்ளி, மிருகங்களுக்குப் பேரிடும் இடத்தில் அவனே ‘ஆதாம்’ ஆகிவிடுகிறான். எபிரேயத்தில் அங்கே எதுவும் மாறவில்லை. சுட்டு அப்படியே இருக்கிறது.

ஐந்தாம் அதிகாரத்தில் அந்தச் சுட்டு விழுந்துவிடுகிறது. முதல் மூன்று வசனத்துக்குள் வெறும் ‘ஆதாம்’ நான்கு முறை வருகிறது. தமிழில் அதைப் படித்துப் பாருங்கள். "ஆதாமின் வம்சவரலாறு" என்று தொடங்குகிறது. அதே வசனத்தில், தேவன் "மனுஷனை"ச் சிருஷ்டித்த நாளிலே என்கிறது. அடுத்த வசனம், அவர்களை ஆணும் பெண்ணுமாகச் சிருஷ்டித்து, அவர்களுக்கு "மனுஷர் என்று பேரிட்டார்". மூன்றாம் வசனத்தில் "ஆதாம்" நூற்று முப்பது வயதாகி ஒரு மகனைப் பெறுகிறான். நான்கு இடத்திலும் எபிரேயம் ஒரே சொல்.